இடைக்கால வெல்ஷ் இலக்கியத்தை ஆங்கிலத்தின் வழியே பயிலுதல்: கடந்து வருவதும் தங்கிவிடுவதும்

பிரிட்டன் தீவின் மேற்கே அமைந்த வேல்ஸ் நாட்டின் மொழியான வெல்ஷில், ஏறத்தாழ 600ஆம் ஆண்டளவில் மடிந்த வீரர்களைப் பாடும் செய்யுள்கள் தொடங்கி 15ஆம் நூற்றாண்டின் நையாண்டிப் பாடல்கள் வரை விரிந்து கிடக்கும் இலக்கியத்தை, வேல்ஸுக்கு வெளியே பயில்வோரில் மிகப் பெரும்பாலோர் அம்மொழியை அறியாதவர்களாதலால் ஆங்கில மொழிபெயர்ப்பையே நம்பியிருக்கின்றனர். அந்த ஆங்கிலம், 1282ஆம் ஆண்டில் வேல்ஸின் கடைசிச் சுதேச இளவரசர் லவெலின் அப் கிரிஃபித் கொல்லப்பட்ட பின் அந்நாட்டை ஆண்ட அரசின் மொழி என்பதால், மொழிபெயர்ப்பு என்பது இங்கே வெறும் வசதியாக மட்டும் இருந்ததில்லை. எந்த நூல் வெளியுலகுக்குத் தெரிய வேண்டும், எந்தப் பகுதி மறைக்கப்பட வேண்டும், எது இலக்கியம், எது பழங்காலக் கட்டுக்கதை என்பனவெல்லாம் மொழிபெயர்ப்பாளர்களின் மேசையில்தான் பெரிதும் தீர்மானமாயின. எனவே ஒவ்வொரு மொழிபெயர்ப்பையும், இந்த மூலம் எத்தகையது என்ற கேள்விக்கு ஒருவர் தந்த விடையாகக் கொள்வதே பொருத்தம். ஒன்றை மட்டும் படிப்பவர் விடையை மட்டுமே பெறுகிறார். இரண்டை அருகருகே வைத்துப் படிப்பவருக்கே கேள்வி புலப்படுகிறது.

சுவடிகளும் காலமும்

மொழிபெயர்ப்புக்குள் நுழையும் முன் மூலம் எங்கே இருக்கிறது என்பதை அறிந்துகொள்வது இன்றியமையாதது. இடைக்கால வெல்ஷ் இலக்கியத்தின் பெரும்பகுதி, தோலில் எழுதப்பட்ட சில கையெழுத்துப்படிகளைச் சார்ந்தே பிழைத்திருக்கிறது. 1250ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட கார்மார்தன் கருப்புநூல், அதே 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அனெய்ரின் நூல், 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதப்பட்ட டாலியெசின் நூல், 1350ஆம் ஆண்டையொட்டிய ரதெர்க் வெண்ணூல், 1382ஆம் ஆண்டுக்குப் பின் ஹொப்கின் அப் டோமஸ் என்ற செல்வருக்காக எழுதப்பட்ட ஹெர்கெஸ்ட் செந்நூல் ஆகியவை அவற்றுள் தலையாயவை. இவற்றுள் செந்நூல் ஆக்ஸ்ஃபோர்டு ஜீசஸ் கல்லூரிக்கு உரியது. கருப்புநூலும் டாலியெசின் நூலும் வெண்ணூலும் அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன.

இந்தப் பட்டியல் ஓர் எச்சரிக்கையையும் உடன் கொண்டுவருகிறது. அனெய்ரின் என்ற புலவர் 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்தவர் என்பது மரபு. அவருடைய பெயரால் வழங்கும் பாடல்களின் ஒரே பழம்படியோ அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிந்தியது. அந்தப் படியிலும் இருவர் கையெழுத்து காணப்படுகிறது. அவர்களுள் இரண்டாமவர் எழுதிய பகுதியில் பழைய எழுத்துமுறை எஞ்சியிருப்பதால், அவர் இன்னும் தொன்மையான ஒரு மூலத்தைப் பார்த்தெழுதினார் என அறிஞர் கொள்கின்றனர். ஆங்கிலப் பதிப்பின் பக்கத்தில் இந்த இரு கைகளும் ஒரே அச்செழுத்தில், ஒரே குரலில் வந்துவிடுகின்றன. ஆகவே ஆங்கிலத்தில் பயில்வோர் நூலின் முன்னுரையையும் குறிப்புகளையும் பாடலுக்கு நிகராக வாசிக்க வேண்டியவர்களாகின்றனர்.

உரைநடைக் கதைகள்: மூன்று மொழிபெயர்ப்புகள், மூன்று விடைகள்

மாபினோகியன் என்ற பெயரில் இன்று அறியப்படும் பதினொரு உரைநடைக் கதைகள் வெண்ணூலிலும் செந்நூலிலும் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய நான்கு கதைகள் ‘மாபினோகியின் நான்கு கிளைகள்’ எனப்படும். கில்ஹூக் என்ற இளைஞன் அரக்கன் மகள் ஓல்வெனை மணக்க ஆர்தர் மன்னனின் உதவியை நாடும் கதை, இரு கனவுக்கதைகள், லூத் மன்னன் கதை, பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியேன் த த்ருவாவின் காப்பியங்களோடு உறவுடைய மூன்று வீரகாதல் கதைகள் ஆகியவை எஞ்சியவை. பதினொன்றும் ஒரே ஆசிரியரின் நூலோ, இடைக்காலத்தில் ஒரே பெயரால் தொகுக்கப்பட்ட திரட்டோ அல்ல. அவற்றை ஒரு தொகுதியாக உலகம் பார்க்கத் தொடங்கியதே சீமாட்டி சார்லட் கெஸ்ட் 1838 முதல் 1849 வரை வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் விளைவாகும்.

இங்கிலாந்துப் பிரபுக் குடும்பத்தில் 1812ஆம் ஆண்டில் பிறந்து, தென் வேல்ஸின் டவ்லைஸ் இரும்பாலை உரிமையாளரான ஜான் கெஸ்டை 1833ஆம் ஆண்டில் மணந்த இவர், வெல்ஷைத் திருமணத்திற்குப் பின் கற்று, கார்ன்ஹியானவக் என்ற புனைபெயரால் அறியப்பட்ட தாமஸ் பிரைஸ் போன்ற வெல்ஷ் அறிஞர்களின் துணையோடு செந்நூலின் படியிலிருந்து மொழிபெயர்த்தார். மூலமும் மொழிபெயர்ப்பும் விரிவான குறிப்புகளும் ஒருசேர வந்த அப்பதிப்பு, அந்நாளில் நாகரிகமற்ற மொழி எனப் பழிக்கப்பட்ட ஒன்றுக்கு ஐரோப்பிய இலக்கியத்தில் இடமுண்டு என்று நிறுவியது; ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் தம் ஆர்தர் காவியத்தின் ஜெரெயின்ட் பகுதிக்கு அதையே ஆதாரமாகக் கொண்டார். ஆயினும் அதைத் தம் இளம் புதல்வர்களுக்குக் காணிக்கையாக்கிய கெஸ்ட், பாலுறவு சார்ந்த சில பகுதிகளை மென்மையாக்கியோ விலக்கியோ சென்றார். நான்காம் கிளையில், பெண்ணொருத்தியைப் பலவந்தப்படுத்திய சகோதரர் இருவர் தண்டனையாக ஆணும் பெண்ணுமான விலங்குகளாக மாற்றப்பட்டு, ஒருவரோடொருவர் கூடிக் குட்டி ஈனுமாறு செய்யப்படுகின்றனர். இத்தகைய கதையை விக்டோரியா காலத்து வரவேற்பறைக்குக் கொண்டுவருவதன் தயக்கம் அவருடைய ஆங்கிலத்தில் தெரிகிறது.

குவின் ஜோன்ஸ், தாமஸ் ஜோன்ஸ் என்ற வெல்ஷ் பேராசிரியர் இருவரும் சேர்ந்து 1948ஆம் ஆண்டில் வெளியிட்டு, மறு ஆண்டே எவ்ரிமேன் வரிசையில் மலிவுப் பதிப்பாக வந்த மொழிபெயர்ப்பு, நுட்பமான மொழியறிவோடு சற்றே பழமை தோய்ந்த கம்பீர ஆங்கிலத்தையும் கைக்கொண்டது. கதைகளை நாட்டார் கதைகளாக அன்றி உயர் இலக்கியமாக வாசகர் ஏற்க வேண்டும் என்பதே அதன் நோக்கு. கார்டிஃப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சியோனெட் டேவிஸ் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழிபெயர்ப்போ, இக்கதைகள் கவர்வித் எனப்படும் கதைசொல்லியின் வாயிலிருந்து அவையோர் காதுக்குச் சென்றவை என்ற ஆய்விலிருந்து பிறந்தது. திரும்பத் திரும்ப வரும் வாய்பாடுகள், ‘பின்னர்’ என்று அடுக்கிச் செல்லும் வாக்கியங்கள், உரையாடலின் திடீர்த் திருப்பங்கள் ஆகியவற்றை அவர் வழவழப்பாக்காமல், உரக்க வாசிக்கத்தக்க இன்றைய ஆங்கிலத்தில் தந்தார். கெஸ்டுக்கு அது தேசத்தின் பழம்பெருமை, ஜோன்ஸ் இருவருக்கும் செவ்விலக்கியம், டேவிஸுக்கு நிகழ்த்துகலை. மூன்று தரப்பாரும் தங்கள் விடைக்கு மூலத்திலேயே சான்று காட்ட முடியும் என்பதுதான் இங்கே கவனத்துக்குரியது.

முதற்கிளையில் ஒரு காட்சி இதை நன்கு விளக்கும். டவெட் நாட்டின் தலைவன் பூயில், அமர்பவன் அடிபடுவான் அல்லது அதிசயம் காண்பான் எனப்படும் ஒரு மேட்டின் மீது அமர்ந்திருக்கையில், பொன்னிழை ஆடை அணிந்த பெண்ணொருத்தி வெண்குதிரையில் மெல்ல நடைபோட்டுச் செல்வதைக் காண்கிறான். அவளைத் தொடரக் காலாளை அனுப்புகிறான். பின்பு வேகக் குதிரையில் ஒருவனை அனுப்புகிறான். மறுநாளும் அதுவே நிகழ்கிறது. அவள் வேகத்தைக் கூட்டுவதேயில்லை, எனினும் துரத்துவோர் எவ்வளவு விரைகின்றனரோ அவ்வளவு தொலைவு கூடுகிறது. மூன்றாம் நாள் தானே துரத்தித் தோற்ற பூயில், நில் என்று அவளை வேண்டுகிறான். அவளோ மகிழ்ச்சியோடு நின்று, இதை முன்னமே கேட்டிருந்தால் அந்தக் குதிரைக்கு நன்றாயிருந்திருக்குமே என்கிறாள். ரியானன் என்ற இப்பெண்ணின் பேச்சில் உள்ள குறும்பு எந்த மொழிபெயர்ப்பிலும் தப்பிப்பிழைக்கிறது. ஆனால் மூன்று முறை ஏறத்தாழ அதே சொற்களில் சொல்லப்பட்ட துரத்தல், எழுத்தில் வாசிப்பவருக்குச் சலிப்பாகவும், கேட்பவருக்கு எதிர்பார்ப்பின் ஏற்றமாகவும் அமைவதால், அத்திரும்பக்கூறலைச் சுருக்காமல் தரும் மொழிபெயர்ப்பிலேயே அந்த ஒற்றை வாக்கியம் தன் முழு வேலையைச் செய்கிறது.

எனினும் எல்லாக் கதையும் வாய்மொழியிலேயே உயிர்வாழ்ந்தது என்று முடிவுகட்டிவிடவும் இயலாது. செந்நூலிலுள்ள ரொனாப்வியின் கனவு என்ற கதையின் முடிவில், குதிரைகளின் நிறங்களும் ஆயுதங்களின் வண்ணங்களும் இத்தனை இருப்பதால் புலவனோ கதைசொல்லியோ எவனும் நூலின் துணையின்றி இதைச் சொல்ல முடியாது என்ற குறிப்பு இடம்பெற்றுள்ளது. வாய்மொழி மரபைக் கிண்டல் செய்யுமளவுக்கு அதை நன்கறிந்த ஓர் எழுத்தாளன் இக்குறிப்பின் பின்னே நிற்கிறான்.

சட்டநூலும் கதையும்

உரைநடை என்றதும் கதைகளையே எண்ணுவது ஆங்கிலத் தொகுப்புகள் உண்டாக்கிய பழக்கம். 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹவெல் தா மன்னன் பெயரால் வழங்குவனவும், 13ஆம் நூற்றாண்டு முதற்கொண்ட படிகளில் கிடைப்பனவுமான வெல்ஷ் சட்டநூல்கள் அம்மொழியின் மிகத் தெளிவான உரைநடைகளுள் அடங்கும். டாவித் ஜென்கின்ஸ் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில ஆக்கம் இவற்றை மாணவர் கைக்கு எட்டச் செய்தது. பூனைக்குட்டி பிறந்தது முதல் கண் திறக்கும் வரை அதன் விலை ஒரு பென்னி, கண் திறந்தது முதல் எலி பிடிக்கும் வரை இரண்டு, எலி பிடித்த பின் நான்கு என வகுக்கும் இச்சட்டம், அரசவையின் குடிப்புலவன் எங்கே அமர வேண்டும், கொள்ளைப் பொருளைப் பங்கிடும்போது அவன் எதைப் பாட வேண்டும் என்பதையும் அதே நிதானத்தோடு கூறுகிறது.

இச்சட்டங்களைப் படித்தவருக்கு இரண்டாம் கிளையான பிரான்வென் கதை வேறொரு நூலாகிவிடுகிறது. பிரிட்டன் தீவின் அரசன் பெண்டிகெய்ட்வ்ரான் தன் தங்கை பிரான்வெனை அயர்லாந்து மன்னன் மத்தோலுக்குக்கு மணம் செய்து கொடுக்க, தன்னைக் கேட்காமல் நடந்த மணம் என்று சினந்த எவ்னிசியென் என்ற, தாய் ஒன்றும் தந்தை வேறுமான உடன்பிறப்பு, விருந்தினரின் குதிரைகளின் உதடுகளையும் காதுகளையும் வால்களையும் அறுத்து ஊனப்படுத்துகிறான். அவமதிப்புக்கு ஈடாகப் பெண்டிகெய்ட்வ்ரான் தருவது சேதமுற்ற ஒவ்வொரு குதிரைக்கும் ஈடான நல்ல குதிரை, ஒரு வெள்ளித் தண்டு, மத்தோலுக்கின் முகத்தளவு அகலமுள்ள ஒரு பொன் தட்டு. சட்டத்தை அறியாத வாசகர் இதை மாயக்கதையின் அலங்காரமாகவே கொள்வர். ஆனால் அரசன் அவமதிக்கப்பட்டால் செலுத்த வேண்டிய ஈட்டுத்தொகையில் வெள்ளித் தண்டும் பொன் தட்டும் சட்டநூல்களிலேயே இடம்பெறுகின்றன. அக்காலக் கேட்போருக்கு இது முறையாகத் தீர்க்கப்பட்ட வழக்கு. முறைப்படி எல்லாம் செய்யப்பட்ட பின்னும் அயர்லாந்தில் பழிவாங்கும் உணர்ச்சி அடங்காமல் பிரான்வென் அடுக்களைக்கு அனுப்பப்பட்டுத் தினமும் அறை வாங்குகிறாள் என்பதும், அதன் முடிவில் இரு தீவுகளும் பாழாகி வேல்ஸ் தரப்பில் ஏழு ஆடவர் மட்டுமே மீள்கின்றனர் என்பதும், சட்டத்தால் ஆற்ற முடியாத காயத்தைப் பற்றிய சிந்தனையாக அப்போது திரண்டெழுகின்றன. இவ்வளவும் மொழிபெயர்ப்பின் வழியாகவே அறியக்கூடியது. இதற்கு வெல்ஷ் இலக்கணம் தேவைப்படவில்லை, பக்கத்து நூல் ஒன்று தேவைப்பட்டது.

செய்யுள்: எது தங்கிவிடுகிறது

செய்யுளின் நிலை வேறு. கொடோதின் என்ற பாடல் தொகுதி, இன்றைய எடின்பரோவை மையமாகக் கொண்ட ஒரு குடியின் வீரர்கள், தங்கள் தலைவனின் கூடத்தில் ஓராண்டு தேன்மது அருந்திவிட்டுக் காட்ரெயித் என்னுமிடத்தில் போரிட்டு ஏறக்குறைய அனைவரும் மடிந்ததைப் பாடுகிறது. அதில் தொடர்ச்சியான போர் வருணனை இல்லை. ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனியாக எழுந்த கையறுநிலைப் பாக்களின் அடுக்காகவே அது அமைந்துள்ளது. கென்னத் ஜாக்சன் 1969ஆம் ஆண்டில் இதை ஆங்கில உரைநடையாக்கி, ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கவிதை என்ற துணைத்தலைப்போடு வெளியிட்டார். வேல்ஸின் முதற்பாடல் என்று அதுவரை கற்பிக்கப்பட்ட ஒன்று, பாடப்பட்ட நிலத்தைக் கொண்டு வேறொரு நாட்டின் முதற்பாடலானது. வரலாற்றாய்வாளருக்கு அவருடைய உரைநடை போதுமானது. ஆனால் ஜோசப் கிளான்சி 1970ஆம் ஆண்டுத் தொகுப்பில் அதே பாடல்களைச் செய்யுளாகவே ஆக்கியதைப் பார்த்த பின்னரே, இவை செய்தி சொல்ல எழுந்தவையல்ல, அவையில் ஒலிக்க எழுந்தவை என்பது மாணவருக்கு உறைக்கும்.

எல்லாப் பாடலும் ஒரே அளவில் இழப்புக்கு உள்ளாவதில்லை. ஹெலெத் என்ற இளவரசி, தன் உடன்பிறந்தோர் அனைவரையும் இழந்து, கன்தலன் என்ற தமையனின் பாழடைந்த கூடத்தைப் பார்த்துப் புலம்பும் பாடல்கள் எங்லின் எனப்படும் மூவடிச் செய்யுள்களால் ஆனவை. ஒவ்வொரு செய்யுளும் அக்கூடத்தின் பெயரைச் சொல்லியே தொடங்கி, இன்றிரவு அங்கே தீ இல்லை, விளக்கு இல்லை, படுக்கை இல்லை, பாடல் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே செல்கிறது. ஓசை போனாலும் இந்தக் கழித்தல் போவதில்லை. அதனால்தான் அது எந்த மொழிக்கு மாறினாலும் வலிக்கிறது.

இதற்கு நேரெதிர் முனையில் நிற்பது, 1282ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் கொல்லப்பட்ட இளவரசர் லவெலினுக்காகக் கிரிஃபித் அப் அர் அனட் கோக் பாடிய இரங்கற்பா. காற்றும் மழையும் கலந்தடிப்பதையும், கருவாலி மரங்கள் ஒன்றோடொன்று மோதுவதையும், கடல் நிலத்தை நோக்கிப் பாய்வதையும் சுட்டி, உலகின் முடிவு வந்துவிட்டதைக் காணவில்லையா என்று கேட்பவரை உலுக்கும் இப்பாடலின் படிமங்கள் ஆங்கிலத்திலும் ஆற்றல் குன்றாதவை. ஆனால் நூறு அடிகளைத் தாண்டிச் செல்லும் இப்பாட்டு முழுவதும் ஒரே இறுதி இயைபில் நடக்கிறது. அடுத்த அடியும் அதே ஒலியில்தான் முடியும் என்பது தெரிந்திருந்தும் அது வந்து விழும் ஒவ்வொரு முறையும் மணியோசை போல் அதிரும் அந்த இயைபை, இயைபுச் சொற்கள் அருகிய ஆங்கிலத்தில் அமைக்க முயன்றால் அது செயற்கையாகிவிடும். இழப்பு எங்கே நேர்ந்தது என்று சுட்டும் ஒரு முன்னுரை மட்டுமே அங்கே வாசகருக்கு உதவக்கூடும்.

இந்த ஒலியமைப்பின் உச்சம் கங்ஹானெத் எனப்படும் விதி. எதுகையும் மோனையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்குவது எளிது. மோனையில் முதலெழுத்தும் எதுகையில் இரண்டாமெழுத்தும் ஒன்றுவது போதும்; கங்ஹானெத்தின் முழுமையான வகையிலோ, அடியின் முற்பாதியில் வரும் மெய்கள், அதன் இறுதி மெய் நீங்கலாக, அனைத்தும் அதே வரிசையில் பிற்பாதியிலும் வர வேண்டும், உயிரொலிகள் மாறலாம். ‘கடல் முன்’, ‘கூடல் மால்’ என்று பொருள் கருதாமல் இரு தொடர்களை எடுத்துக்கொண்டால், க், ட், ல், ம் என்ற மெய்கள் இரண்டிலும் அதே முறையில் அமைவதைக் காணலாம். இவ்வாறு அடிதோறும், பொருளும் வழுவாமல், அழுத்தம் விழும் அசையும் பிறழாமல் பாடுவதே 14ஆம் நூற்றாண்டு முதல் வெல்ஷ் புலவரின் தேர்ச்சிக்கு அடையாளமாயிற்று. இன்றும் அய்ஸ்டெத்வோட் என்ற தேசிய விழாவில் நாற்காலிப் பரிசுக்குரிய கவிதை இவ்விதிப்படியே எழுதப்படுகிறது.

டாவித் அப் குவிலிமும் நான்கு கைகளும்

14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டாவித் அப் குவிலிம், ஏழசை கொண்ட இணையடிகளால் ஆன கவித் என்ற பாவகையைக் காதலுக்கும் இயற்கைக்கும் தன்னையே எள்ளி நகையாடுவதற்கும் பயன்படுத்தியவர். ஓரடி அழுத்தமுள்ள அசையிலும் இணையடி அழுத்தமற்ற அசையிலும் முடிந்து இயைவது இப்பாவின் இலக்கணம். காற்றைக் காதலிக்குத் தூது விடும் பாடலில், காலும் சிறகும் இன்றிப் பறக்கும் காற்றை எந்த அதிகாரியும் பிடிக்க முடியாது, எவரும் அதன் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று அவர் கூறுமிடத்தில், வெற்றிகொண்ட அரசின் நீதிமன்றங்களுக்குக் கீழே வாழ்ந்த ஒரு தலைமுறையின் பெருமூச்சும் சிரிப்பும் ஒருங்கே கேட்கின்றன.

விடுதியில் நேர்ந்த தொல்லையைப் பாடும் இன்னொரு பாடல் மொழிபெயர்ப்பாளர்களின் உரைகல். அழகியொருத்திக்கு விருந்தும் மதுவும் வாங்கித் தந்து, எல்லோரும் உறங்கிய பின் அவள் படுக்கைக்கு வருவதாகச் சொல்லிவைத்த இளைஞன், இருட்டில் முக்காலியில் காலை இடித்துக்கொண்டு, மேசையில் மோதி, பித்தளைப் பாத்திரத்தை உருட்டி, நாய்களைக் குரைக்கவைத்து, ஒரே படுக்கையில் துயிலும் ஹிக்கின், ஜென்கின், ஜாக் என்ற மூன்று ஆங்கில வணிகர்களை எழுப்பிவிடுகிறான். வெல்ஷ்காரன் ஒருவன் தங்கள் மூட்டையைத் திருட வந்துவிட்டான் என்று அவர்கள் முணுமுணுக்க, வந்த காரியம் கைகூடாமல் இருளில் ஒளிந்து கடவுளை வேண்டித் தப்புகிறான். இடைப்பிறவரல் போல் வாக்கியத்தின் நடுவே வேறு தொடர்களைச் செருகிக்கொண்டே செல்வது இப்பாவின் மரபு. இங்கே அந்தச் செருகல்களில் வாக்கியமும் அவனைப் போலவே இடறி இடறி நடக்கிறது.

ரேச்சல் பிராம்விச் 1982ஆம் ஆண்டில் மூலத்தை எதிர்ப்பக்கத்தில் அச்சிட்டுச் சொல்லுக்குச் சொல் நெருங்கிய மொழிபெயர்ப்பைத் தந்தார். அதில் பொருள் பிசகாது, இடறல் குறையும். கிளான்சி 1965ஆம் ஆண்டில் ஏழசையையும் அழுத்தம் மாறும் முடிவையும் காத்து இயைபைக் கைவிட்டார். டோனி கான்ரன் 1967ஆம் ஆண்டுப் பெங்குவின் தொகுப்பில் இயைபையும் காக்க முயன்றார். அதற்காக ஆங்கிலச் சொல்வரிசையை வளைக்க நேர்ந்தது. குவின் தாமஸ் 2001ஆம் ஆண்டில் முழுத் தொகுப்பையும் பேச்சுத்தொனிக்கு அருகில் கொண்டுவந்தார். இந்நால்வரின் ஆக்கங்களிலும் ஒரே பாடலை வாசிப்பவர், இவற்றுள் எது சரி என்று தேடுவதை விட்டு, நால்வரும் சிரமப்பட்ட இடம் எது என்று தேடினால், மூலத்தில் கவிஞர் எங்கே தம் கைத்திறனைக் காட்டினார் என்பதற்கு நம்பத்தக்க குறிப்பைப் பெறுவர். சுவான்ஸி பல்கலைக்கழகம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட இணையப் பதிப்பில் மூலமும் ஆங்கில ஆக்கமும் பாடல்களின் ஒலிப்பதிவும் கிடைப்பதால், பொருள் அறியாதவரும் ஓசையை மட்டுமாவது காதால் கேட்டுவிட முடிகிறது.

மொழிபெயர்ப்பை மட்டும் நம்பியதன் விளைவுகள்

ஒரே விடையை நம்பிக் கட்டிய கோட்டைகள் சரிந்த வரலாறும் இத்துறைக்கு உண்டு. கவிஞரும் விமர்சகருமான மாத்யூ ஆர்னால்ட் 1865, 1866ஆம் ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டில், வெல்ஷும் அடங்கிய கெல்டிய மொழிகளின் இலக்கியம் குறித்து ஆற்றிய உரைகள், வெல்ஷ் அறியாத ஒருவர் மொழிபெயர்ப்புகளைக் கொண்டு கெல்டிய மனத்தின் இயல்பையே வரையறுக்க முனைந்த முயற்சி; உணர்ச்சி மிகுந்த, நடைமுறைத் திறனற்ற இனம் என்ற அவருடைய சித்திரம் நீண்ட நாள் நிலைத்தது. சட்டநூல்களின் பூனை விலையைப் படித்த எவரும் அச்சித்திரத்தை ஏற்பது கடினம். ஆயினும் ஆக்ஸ்ஃபோர்டில் கெல்டிய மொழிகளுக்குப் பேராசிரியர் பதவி உருவாக அதே உரைகள் துணைநின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ராபர்ட் கிரேவ்ஸ் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வெள்ளைத் தேவதை’ நூலில், டாலியெசின் நூலிலுள்ள மரங்களின் போர் என்ற புதிர்ப்பாடலை டி. டபிள்யூ. நாஷின் 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பில் படித்து, அதன் அடிகளை இடம்மாற்றி அடுக்கி, அதிலிருந்து ஒரு மர எழுத்துமுறையையும் ஒரு தேவதை வழிபாட்டையும் கண்டெடுத்தார்; கவிஞரின் கற்பனையாக அந்நூல் கவர்ச்சியானது, சான்றாகக் கொள்ள வெல்ஷ் அறிஞர் ஒப்பவில்லை.

மூலத்தை அறிந்தோரும் ஏமாந்ததுண்டு என்பதையும் மறத்தலாகாது. அயோலோ மோர்கனுக் என்ற எட்வர்ட் வில்லியம்ஸ் தாமே எழுதி டாவித் அப் குவிலிமின் பெயரில் அளித்த பாடல்கள், 1789ஆம் ஆண்டின் முதல் அச்சுப் பதிப்பிலேயே பிற்சேர்க்கையாக இடம்பெற்று, ஜி. ஜே. வில்லியம்ஸ் 1926ஆம் ஆண்டில் அவற்றின் போலித்தன்மையை நிறுவும் வரை போற்றிப் படிக்கப்பட்டன. தாமஸ் பாரி 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பே கவிஞருடையவை எனத் தக்கனவற்றைச் சுமார் 150 பாடல்களாக வரையறுத்தது. ஆகவே 1952க்கு முந்தைய ஆங்கில ஆக்கத்தில் டாவிதைப் படிப்பவர், எந்தப் பாடலைப் படிக்கிறோம் என்பதையே முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தொகுப்பில் இடம்பெறாமற்போவது இன்னொரு வகை இழப்பு. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த குவெர்வில் மெஹைன் என்ற பெண்பாற்புலவர், கிறிஸ்துவின் பாடுகளைப் பக்தியோடு பாடியவர். பெண்களைப் பழித்த ஆண்புலவர் ஒருவருக்குப் பாட்டாலேயே மறுப்புரைத்தவர். பெண்ணின் உடலைப் புகழும்போது ஆண்கவிஞர் எல்லாரும் விட்டுவிடும் உறுப்பையே தனிப்பாடலாக்கியவர். அவருடைய படைப்புகளுக்கு முழுமையான வெல்ஷ் ஆய்வுப் பதிப்பு 2001ஆம் ஆண்டிலும், கேட்டி கிராமிச்சின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018ஆம் ஆண்டிலுமே வந்தன. அதற்கு முன் ஆங்கிலத்தில் மட்டும் பயின்ற பலருக்கு இடைக்கால வெல்ஷ் கவிதை என்பது ஆண்குரல் மட்டுமே ஒலித்த ஒரு கூடமாகத் தோன்றியிருந்தால், குறை மரபினுடையது அன்று, தொகுத்தோருடையது.

பயிலும் முறை

ஈழத்து அறிஞர் க. கைலாசபதி, பர்மிங்காமில் செய்த முனைவர் ஆய்வின் பயனாக 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் சங்கப் பாடல்களைக் கிரேக்க, கெல்டிய வீரப்பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்ததன் வழியே இந்த வட்டாரம் தமிழ் ஆய்வுலகுக்கு முற்றிலும் புதியதன்று. புறநானூற்றின் கையறுநிலையைப் படித்தவருக்குக் கொடோதின் வீரர்களின் இரங்கற்பாக்கள் எளிதில் பிடிபடும். ஆனால் அந்த எளிமையே வேறுபாடுகளை மறைத்துவிடவும் கூடும் என்பதால், ஒப்புமை முதற்படியாக மட்டுமே இருத்தல் நலம்.

தொடங்குவோருக்கு டேவிஸின் மொழிபெயர்ப்பில் நான்கு கிளைகளே தக்க வாயில். அவற்றுக்குப் பின் கில்ஹூக் கதையையும், பிரான்வென் கதையை ஜோன்ஸ் இருவரின் ஆக்கத்தில் மறுபடியும், இடையே சட்டநூலின் சில பகுதிகளையும் வாசித்தால், கதையின் உலகம் உறுதியான நிலத்தில் நிற்கத் தொடங்கும். அதன்பின் ஹெலெத்தின் புலம்பல், கொடோதின், லவெலினுக்கான இரங்கற்பா, டாவித் அப் குவிலிம் என இழப்பு குறைந்ததிலிருந்து மிகுந்ததை நோக்கிச் செல்வது பயனுள்ள வரிசை. ஏனெனில் படிக்கப் படிக்க மாணவரின் கண் கதையிலிருந்து கட்டமைப்புக்கும், கட்டமைப்பிலிருந்து ஓசைக்கும் நகர்கிறது. இவ்வழியில் சென்றவர் முடிவில் வெல்ஷ் அறிந்தவராகிவிடுவதில்லை. ஆனால் ஓர் ஆங்கில அடியைக் காட்டி, இதில் பொருள் வந்திருக்கிறது, இயைபு வரவில்லை, இந்தச் சொல்வரிசை அசைக்காக வளைக்கப்பட்டது, இந்த மௌனம் பதிப்பாசிரியரின் கூச்சத்தால் நேர்ந்தது என்று பிரித்துச் சொல்லக்கூடியவராகிறார். அதற்கு மேலும் வேண்டுமெனத் தோன்றினால், வெல்ஷ் இலக்கண நூலைத் திறப்பதற்கான காரணம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.